விமானம் எண்ணும் விறகு

யோயென்சூ, பின்லாந்து

அன்புள்ள செல்வம்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பத்து நாளாகக் காட்டிலேயே கிடக்கிறேன்.

விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சினால் காட்டில் எவ்வளவு விறகு இருக்கிறது என்று எப்படித் தெரியும் எனக் கேட்டிருந்தாய். லேசர் அளப்பது உயரத்தைத்தான். சில கதிர்கள் மர உச்சியில் பட்டுத் திரும்பும், சில கிளைகளுக்குள் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பும். போய்வந்த நேரத்தை வைத்து, பட்ட இடம் எவ்வளவு உயரம் என்று கணக்கிடுவார்கள். கதிர் பட்டுத் திரும்பிய இடம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. 2008-இல் இந்த நாடு தொடங்கிய அளவீட்டில் சதுர மீட்டருக்குச் சராசரியாக அரைப் புள்ளிதான் கிடைத்தது. 2020-இல் தொடங்கிய சுற்றில் ஐந்து.

மீதி வேலை தரையில். 9 மீட்டர் ஆரத்துக்கு வட்டம் போட்டு, உள்ளே நிற்கும் மரங்களின் தடிமனை 1.3 மீட்டர் உயரத்தில் அளக்கிறோம். அந்த அளவையும் அதே இடத்து லேசர்ப் புள்ளிகளையும் இணைத்துச் சூத்திரம் போட்டால், மற்ற காட்டையும் 16 மீட்டர் சதுரங்களாகக் கணக்கிடலாம். அது எந்த மரம், பைனா, ஸ்ப்ரூஸா, பிர்ச்சா என்று பிரிக்க வான்படமும் வேண்டும்.

தண்டின் கணக்கு நன்றாகவே வருகிறது. ஆனால் நல்ல தண்டெல்லாம் அறுவை ஆலைக்கும் காகித ஆலைக்கும் போய்விடும். விறகாக எரிக்கக் கொதிகலனுக்கு வருவது மிலாறு (சிறு கிளைகள்), நுனி, வேர்க்கட்டை, நெருக்கம் குறைக்க வெட்டும் மெல்லிய மரம். இந்த மெல்லிய மரங்கள் பெரியவற்றின் அடியில் மறைந்துகொள்வதால் லேசருக்குச் சரியாகச் சிக்குவதில்லை. போன வியாழக்கிழமை ஒரு வட்டத்தில் நுழையவே முடியவில்லை, அவ்வளவு பிர்ச் கன்றுகள். வரைபடத்தில் அந்த இடம் ஏறக்குறைய காலி! உன் அப்பத்தா சுள்ளிக்கட்டைத் தூக்கிப் பார்த்தே எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்வாரே, அன்று அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

என் மனதை அரிப்பது வேறு. 2022-இல் ரஷ்யாவிலிருந்து மரம் வருவது நின்றதும் இங்கே மரச்சில்லுக்குத் தேவை கூடிவிட்டது. ஒரு கன மீட்டர் மரம் ஏறக்குறைய 2 மெகாவாட் மணி ஆற்றல் என்று எல்லோரும் பெருக்கிப் பார்க்கிறார்கள். ஆனால் வெட்டிய இடத்து மிலாறில் 30 சதவீதத்தையாவது அங்கேயே விட வேண்டும் என்பது இங்குள்ள வழிகாட்டுதல். மண்ணுக்குத் திரும்ப வேண்டிய சத்து ஊசியிலையில் இருக்கிறது. அதனால்தான் கோடையில் காயவிட்டு, இலை உதிர்ந்த பின் அள்ளுவது நல்லது என்கிறார்கள். வரைபடத்தில் ஒரே எண் இருந்தால் ‘இருப்பது’ என்பதை ‘எடுக்கலாம்’ என்று படித்துவிடுவார்கள். இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டிருக்கிறேன், விடப்போவதில்லை.

திங்கட்கிழமை மறுபடி அந்த பிர்ச் வட்டத்துக்குப் போகிறோம், இந்த முறை கன்று கன்றாக எண்ண. அம்மாவைக் கேட்டதாகச் சொல். கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
ராஜா