திரைக்கு முன் ஆசிரியருக்குக் கொஞ்சம் நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் அமைப்பது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். திரையும் இணைய இணைப்பும் வருவது நல்லதுதான். ஆனால் ஆசிரியர் பயமில்லாமல் அதைத் தொட்டுப் பழக வழி செய்யாவிட்டால், அது சுவரில் தொங்கும் இன்னொரு பலகைதான். 2018இல் புதிய பாடநூல்களில், கைபேசியில் வருடினால் பாட வீடியோ திறக்கும் க்யூஆர் கோடு அச்சாகி வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு மாதம் அந்தக் கட்டத்தைத் திரும்பியே பார்க்கவில்லை. சோம்பல் இல்லை, நாற்பது பிள்ளைகள் முன்னால் வீடியோ சுற்றிக்கொண்டே நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கூச்சம். அப்புறம் ஒரு மதிய இடைவேளையில் பக்கத்து வகுப்புத் தமிழாசிரியை, அந்த வீடியோக்கள் இருக்கும் அரசின் தீக்ஷா செயலியில் வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைப்பது எப்படி என்று என் கைபேசியிலேயே காட்டினார். பத்து நிமிடம்தான். நாள் முழுக்க உட்கார்ந்து கேட்ட பயிற்சியில் வராத தைரியம் அதில் வந்தது.

எனவே, அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் அரை மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கலாம். ஓர் ஆசிரியர் தாம் திரையில் நடத்திய பாடத்தை, சொதப்பிய இடம் உட்பட, சக ஆசிரியர்களுக்குக் காட்டட்டும். முதல் ஒரு பருவத்துக்காவது, எத்தனை முறை பயன்படுத்தினீர்கள் என்ற கணக்கைக் கேட்காமல் இருக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தரவுத் தளமான எமிஸில் பதிவேற்றும் வேலையே அவர்களுக்குப் போதுமான அளவு இருக்கிறது.

– ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர், திருவாரூர்.