மீனுக்கு நோகாத வலை என்று நீங்கள் விற்ற லேண்டிங் நெட் பற்றி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: நான்கு மாதத்தில் பூச்சு உரிந்து, கழுத்தும் உடைந்த லேண்டிங் நெட் – முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டல், அட்டையில் உள்ள வாசகத்தைத் திருத்தக் கேட்டல்

ஐயா / அம்மையீர்,

தூண்டிலில் சிக்கிய மீனைத் தண்ணீரிலிருந்து அள்ளி எடுக்கும் இந்தக் கைப்பிடி வலை பற்றி நான் எழுதும் மூன்றாவது புகார் இது. முதல் இரண்டையும் உங்கள் இணையதளத்தில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் அடக்கி எழுதினேன். விஷயம் அதில் அடங்கவில்லை. அதனால்தானோ என்னவோ, இரண்டுக்கும் எழுத்து மாறாமல் ஒரே பதில் வந்தது. சரி, இந்த முறை கடிதமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பில்லின் நகலும் ஏழு படங்களும் இணைத்திருக்கிறேன்.

நான் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுகிற ஆள். குளத்தில் கெண்டை, கழிமுகத்தில் கொடுவா. வாரத்தில் ஒரு நாள் விடிவதற்குள் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவேன். குழம்புக்குப் பிடிப்பவருக்கு வலை எப்படி இருந்தால் என்ன, மீன் நழுவாமல் இருந்தால் போதும். விடுகிறவனுக்கு அப்படி இல்லை. நீந்திப் போகிற மீன் நாளைக்கும் நீந்த வேண்டும். அதற்காகத்தான் வைத்திருந்த முடிச்சு நைலான் வலையைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்கள் வலையை வாங்கினேன். அட்டையில் மூன்று வாக்குறுதி இருந்தது: ரப்பர் வலை, மீனுக்குப் பாதுகாப்பு, உப்பு நீரிலும் பல ஆண்டு உழைக்கும். மூன்றும் பொய்.

வாங்கிய அன்று கையால் தேய்த்துப் பார்த்தேன். கறுப்பாக, வழவழவென்று, கொஞ்சம் கனமாகவும் இருந்தது. நம்பிவிட்டேன். மூன்றாவது மாதத்தில் ஒரு காலை, கெண்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டு நிமிர்ந்தால் ஈர உள்ளங்கையில் மிளகுப்பொடி தூவியது போலக் கறுப்புத் துகள்கள். மீனுக்குத்தான் ஏதோ நோய் என்று முதலில் பயந்தேன். அப்புறம் வலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். மீன் படுத்துக்கிடக்கும் அடிப்பகுதியில் பூச்சு வெடித்து, உள்ளே இருந்து வெள்ளை நூல் எட்டிப் பார்த்தது. நகத்தால் சுரண்டினேன், வெயில் பட்ட தோல் போல உரிந்து வந்தது. உரிந்த இடத்தில், ஒவ்வொரு கண்ணியின் மூலையிலும் ஒரு முடிச்சு. நான் எதைத் தூக்கிப் போட்டேனோ, அதே முடிச்சு நைலானுக்குக் கறுப்புச் சட்டை மாட்டி எனக்கே விற்றிருக்கிறீர்கள்.

ரப்பர் பூசிய வலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. முடிச்சில்லாமல் பின்னி, மேலே கெட்டியாகப் பூசிய வலைகள் இருக்கின்றன. முழுக்க ரப்பரிலேயே வார்த்த வலையைவிட அவை எடை குறைவு, நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு அவைதான் வசதி. ஆனால் பூச்சு போனாலும் அவற்றில் முடிச்சு இருக்காது. உங்கள் வலையில் பூச்சு என்பது முடிச்சை மறைக்கும் திரை. அதுவும் மெல்லிய திரை.

முடிச்சு இருந்தால் என்ன கெட்டுப்போகிறது என்று உங்கள் பிரிவில் யாராவது கேட்கலாம். மீன் மேல் இருக்கும் கொழகொழப்பு அழுக்கு இல்லை, அதன் கவசம். கிருமி ஒட்டாமல் காப்பது அதுதான். நல்ல தண்ணீரில் வெளித்தண்ணீர் அளவுக்கு மீறி உடம்புக்குள் ஏறாமலும், உப்புத் தண்ணீரில் உடம்பு நீர் வெளியேறாமலும் பார்த்துக்கொள்வதில் தோலோடு செதிலோடு அதற்கும் பங்கு உண்டு. மீன் துள்ளும்போது முடிச்சுகள் உப்புத்தாள் போல அதை வழித்தெடுக்கும், செதிலைப் பெயர்க்கும், வால் துடுப்பை நார்நாராகக் கிழிக்கும். புளூகில் என்ற சிறிய நன்னீர் மீனை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2003-இல் வெளியானது. ரப்பர், முடிச்சில்லாத நைலான், அப்புறம் இரண்டு வகை முடிச்சு வலை என நான்கையும் ஒப்பிட்டு, மீன்களை ஒரு வாரம் கண்காணித்தார்கள். முடிச்சு வலையில் எடுத்தவற்றுக்குத்தான் துடுப்புக் காயமும் சாவும் அதிகம். வலையே போடாமல் எடுத்த மீன்கள் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல வலை என்பதே கெடுதலைக் குறைக்கிற வலைதான். நீங்கள் அதைக்கூடச் செய்யவில்லை. மூன்றாவது, நான்காவது படங்களில் இருப்பது உங்கள் வலையில் இருந்து எடுத்த கெண்டையின் வால். கிழிசல் பழசா புதுசா என்று பார்த்தாலே தெரியும்.

அடுத்த வாரம் நடந்தது இதைவிட மோசம். கழிமுகத்தில் லூருக்கு, அதாவது செயற்கை இரைக்கு, ஒரு கொடுவா வந்தது. முழங்கை நீளம் இருக்கும். வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றுவதுதான் என் வழக்கம். ஆனால் அன்று ட்ரிபிள் ஹூக் என்ற மூன்று முனைத் தூண்டில் முள்ளின் ஒரு முனை மீன் வாயில், இன்னொரு முனை பூச்சு உரிந்த இடத்தில் நூலுக்குள். நல்ல ரப்பரில் முள் இப்படி ஏறிப் பின்னிக்கொள்ளாது, சுலபமாகக் கழன்றுவிடும். நூலில் ஏறினால், முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கொக்கி நூலின் பிரியைப் பிடித்துக்கொண்டு விடாது. மீன் துள்ளத் துள்ள உதடு கிழிகிறது. வேறு வழியில்லாமல் வெளியே எடுத்து, வலையைக் கட்டரால் நறுக்கித்தான் பிரித்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்தும் ஒரு நிமிடத்துக்குக் குறையாது.

ஒரு நிமிடம்தானே என்று தோன்றும். 1992-இல் வெளியான ஓர் ஆய்வில் ரெயின்போ டிரௌட் என்ற குளிர்நீர் மீன்களைக் களைத்துப்போகும்வரை விரட்டிவிட்டு, சிலவற்றைக் காற்றிலும் வைத்துப் பார்த்தார்கள். காற்றில் வைக்காதவற்றில் 12 மணி நேரம் கழித்து 88 சதவீதம் பிழைத்திருந்தன. 30 வினாடி வைத்தவற்றில் 62 சதவீதம். 60 வினாடி வைத்தவற்றில் 28 சதவீதம்தான். கொடுவா டிரௌட் இல்லை, கணக்கு அப்படியே பொருந்தாது என்று தெரியும். ஆனால் அதைத் தண்ணீரில் பிடித்து, அது தானாக வாலை அசைக்கும்வரை இடுப்பளவு நீரில் நான் நின்ற நேரத்தில் இந்த எண்கள்தான் மனசில் ஓடின.

இனி கழுத்து. வளையமும் கைப்பிடியும் சேருகிற இடத்தைச் சொல்கிறேன். பத்து கிலோ தாங்கும் என்று அட்டை சொல்கிறது. நான்கு கிலோகூட இருக்காத மீனோடு அது கையோடு வந்துவிட்டது. கைப்பிடி நுனியைப் பிடித்து நெம்புகோல் போலத் தூக்கியிருப்பேன் என்று உங்கள் பதிலில் ஊகம் செய்திருந்தீர்கள். இல்லை. அப்படித் தூக்கினால் எந்த வலையும் வளையும், அது தெரியாமல் இத்தனை வருடம் தூண்டில் போடவில்லை. கைப்பிடியை நிமிர்த்தி என் பக்கம் இழுத்து, வளையத்தை எட்டிப் பிடிக்கப் போனபோதுதான் உடைந்தது. வளையமும் வலையும் மீனும் ஒரு பக்கம் போக, வெறும் குச்சியோடு நான் ஒரு பக்கம். ஓடிப்போய் வளையத்தைப் பிடித்தேன். மீன் அதற்குள் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது. அன்று லாபம் அதற்குத்தான்.

உடைந்த இடத்தை ஆறாவது படத்தில் பாருங்கள். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் உள்ளே அலுமினியக் குழாய், அதில் நேராக முடுக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு. திருகைச் சுற்றிச் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி. இந்த இரண்டு உலோகமும் ஒட்டிக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால் அரிபடுவது அலுமினியம்தான். படகு வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நடுவில் ஒரு நைலான் உறை போட்டிருந்தால், இரண்டும் ஒட்டாதபடி செய்திருந்தால், இவ்வளவு சீக்கிரம் அரித்திருக்காது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசித்தான் வைத்தேன். ஆனால் மூடிக்குள் புகுந்த உப்பு எப்படி வெளியே வரும்?

வலைப்பை அடியில் கூம்பாக இருப்பதால் மீன் வில்லாக வளைந்து கிடக்கிறது. தட்டையான அடி இருந்தால் நிமிர்ந்து கிடக்கும். இது கண்ணுக்குத் தெரிந்த விஷயம், பார்த்து வாங்காதது என் தவறு. இதைப் புகாரில் சேர்க்கவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நீட்டி மடக்கும் கைப்பிடியின் பொத்தான் மணல் புகுந்தும் சிக்கவில்லை. கைப்பிடியை வடிவமைத்தவர் நிச்சயம் தூண்டில் போடுகிறவர். வலையைத் தேர்ந்தெடுத்தவர் போடுகிறவர் இல்லை.

உங்கள் பதிலுக்கு வருகிறேன். பூச்சு உரிவது இயல்பான தேய்மானமாம், வலையை வெயிலில் வைத்திருப்பேனாம், ஆகவே உத்தரவாதத்தில் வராதாம். வெயில் ரப்பரையும் நைலானையும் கெடுக்கும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் நிழலான அறையில் தொங்கவிடுகிறேன். ஒரே ஒரு இரவு மறந்துபோய் ஈரத்தோடு காரின் டிக்கியில் விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஒரு இரவுக்கு நான்கு மாதப் பூச்சு போகுமா? மற்றபடி, மீன்பிடி வலையை வெயில் படாமல் எப்படிப் பயன்படுத்துவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு மாற்று வலை வேண்டாம், முழுப் பணமும் வேண்டும். அட்டையில் ‘ரப்பர் வலை’ என்பதை எடுத்துவிட்டு ‘முடிச்சு நைலான், மேலே பூச்சு’ என்று போடுங்கள். படித்துவிட்டு வாங்குகிறவர் வாங்கட்டும். முடிந்தால் வலைப்பையை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றும்படி செய்யுங்கள். இப்போது வளையத்தோடு ரிவெட் அடித்திருப்பதால், வலை போனால் நல்ல கைப்பிடியும் குப்பைக்குப் போகிறது.

பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்க்கும் அமைப்பிடம் போவதாக இருக்கிறேன். பொருளைத் திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன், அனுப்பும் செலவு உங்களுடையது. உரிந்த பூச்சுத் துகள்களையும் அந்த வெள்ளைப் பொடியையும் தனித்தனிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். அவை மட்டும் என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்