தமிழ்ப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டு வருட ஒப்பந்தத்தில் வளைகுடாவுக்குக் கிளம்பும் ஆள் இருக்கிற வீட்டில் முதலில் எழும் கவலை, ‘பாஷை தெரியாம அங்க என்ன பண்ணுவான்?’ என்பதுதான். கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் தச்சர், டைல்ஸ் கொத்தனார், வெல்டர் போன்றோருக்கு இந்தக் கவலை பாதிக்கு மேல் வீண். துபாய், ஷார்ஜா சைட்டுகளில் அரபி அபூர்வமாகத்தான் காதில் விழும். இந்தி, உருது, மலையாளம், அரைகுறை ஆங்கிலம் எல்லாம் கலந்த பேச்சுதான் ஓடுகிறது. கூட வேலை செய்தாலே சில மாதங்களில் அது பிடிபட்டுவிடும். ஆட்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கே, காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2016 முதல் ஒரு விதி இருக்கிறது. தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில் வரும் ஆஃபர் லெட்டர் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரிகிற மூன்றாவது மொழியிலும் இருக்க வேண்டும். அதற்கான மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. அதில் உள்ள நிபந்தனைகள்தான் பிறகு ஒப்பந்தமாகப் பதிவாகின்றன. நடப்பதோ வேறு: ஏஜென்ட் கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டி, ‘இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு’ என்று வாங்கிக்கொள்கிறார். தமிழ்ப் பக்கத்தைக் கேளுங்கள். ‘அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம்’ என்று பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள்.

பக்கம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம் (பேசிக்). ஏஜென்ட் வாயால் சொல்வது எப்போதும் மொத்தத் தொகை. ‘மாசம் 1,000 திர்ஹாம்’ என்பது கடிதத்தில் 600 பேசிக், 400 படி என்று பிரிந்திருக்கும். ஓவர்டைம் பேசிக்கை வைத்துத்தான் கணக்காகும். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடையும் அப்படியே. முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக். 1,000 பேசிக் என்றால் வருடத்துக்கு 700 திர்ஹாம். 600 என்றால் 420தான். ஒரு வருடம் முடியாமல் வந்தால் எதுவும் கிடையாது. அடுத்ததாக வேலையின் பெயரைப் பாருங்கள். எலெக்ட்ரீஷியன் என்று பேசிவிட்டுக் கடிதத்தில் ‘ஹெல்பர்’ என்று இருந்தால், போன பிறகு வாதாட இடமே இல்லை. விசாவுக்கும் வேலை அனுமதிக்கும் ஆகும் செலவு முதலாளியுடையது. அதைச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

சவூதிக் காகிதங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அரபி எண்களில் பூஜ்யம் வெறும் புள்ளி. ஐந்து நம் பூஜ்யத்தைப் போல வட்டமாக இருக்கும். ஆறு நம் 7 போலத் தெரியும். 650 என்று எழுதியிருப்பதை 70 என்றும் பக்கத்தில் ஏதோ புள்ளி என்றும் படித்துக் குழம்புகிறவர்கள் உண்டு. பத்து எண்களையும் படிக்க அரை மணி நேரம் போதும். அரபியில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிட்டுப் போகலாம்.

‘முதல்ல விசிட் விசாவுல போ, அங்க மாத்திக்கலாம்’ என்பது மொழி தெரியாதவரிடம் எளிதில் விலைபோகும் பேச்சு. விசிட் விசாவில் வேலை செய்வது அமீரகத்தில் குற்றம். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம், அதாவது மாதம் 1,500. ஹெல்பர் சம்பளத்தைவிட அது அதிகம். பத்தாம் வகுப்பு தேறாததால் இசிஆர் முத்திரை (குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு) உள்ள பாஸ்போர்ட் வைத்திருப்பவர், அமீரகம், சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் இமைக்ரேட் இணையதளம் வழியாகக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அனுமதியோடு பிரவாசி பாரதீய பீமா காப்பீடும் சேர்ந்து வரும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். விசிட்டில் போனவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400. ரசீது கட்டாயம் வாங்க வேண்டும். லட்சக்கணக்கில் கேட்பவர் பெரும்பாலும் உரிமம் இல்லாத சப்-ஏஜென்ட்.

மொழி உண்மையிலேயே இடிக்கும் வேலைகளும் இருக்கின்றன. டெலிவரி, செக்யூரிட்டி, கடை விற்பனை, வீட்டு வேலை. இவற்றை முதல் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது. வீட்டு வேலைதான் மிகவும் கடினம். நாள் முழுக்க அரபி பேசுகிற வீட்டுக்குள் தனியாக, உதவிக்குக் கூப்பிட ஆளில்லாமல் இருக்க வேண்டியிருக்கும்.

கட்டுமானத்துக்குப் போகிறவர் பேச்சைவிட அளவைப் பழக வேண்டும். நம் கொத்தனார்கள் அடி, அங்குலம், நூல் என்று பேசுவார்கள். அங்கே எல்லாம் மில்லிமீட்டர். ஒரு நூல் ஏறக்குறைய 3 மில்லி, ஆறு அங்குலம் ஏறக்குறைய 150. வரைபடத்தில் ‘டி12-150’ என்றிருந்தால் 12 மில்லி கம்பி, 150 மில்லி இடைவெளி. டிரேட் டெஸ்டில் (ஆள் எடுக்கும்போது வைக்கும் தொழில் திறன் சோதனையில்) கை நன்றாக ஓடும் ஆட்கள்கூட இந்த இடத்தில் தடுமாறி ஹெல்பர் கிரேடில் விழுகிறார்கள். பிறகு ‘இந்தி தெரியாததால் போச்சு’ என்று ஊரில் வந்து சொல்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் இந்தியாவுக்குள் 1800 11 3090, துபாய் போன பிறகு 800 46342. இரண்டும் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான இந்திய அரசின் கட்டணமில்லா உதவி எண்கள்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ‘வளைகுடாவுக்கு ஆட்கள் தேவை, மொழி தேவையில்லை’ என்ற வரி விளம்பரங்களில் பெரும்பாலும் ஒரு கைப்பேசி எண் மட்டுமே இருக்கிறது. ஏஜென்டின் பதிவு எண் இல்லாத விளம்பரத்தை ஏற்பதில்லை என்று தாங்கள் முடிவெடுத்தால், வாசகர் அந்த எண்ணை இமைக்ரேட் தளத்தில் போட்டு ஐந்தே நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
வெளிநாட்டு வேலை ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்லும் சிலர்,
ராமநாதபுரம் மாவட்டம்