நாற்காலியோடு வந்தவருக்கும் உங்கள் எல்லோருக்கும்

நேற்று இரவு மகள் தன் அறையில் தனியாகத் தூங்கினாள். விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு இருந்த ‘பேய் வீடு’ என்ற பெயரும், இரவில் சுவருக்குள் கேட்ட சத்தத்தால் நாங்கள் பட்ட பாடும் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி கிளறவில்லை.

பிளம்பர் அண்ணனுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. சுவருக்குள் ஏதோ இடிக்கிறது என்றதும் அவருக்கு முன்னால் வந்தவர்களில் ஒருவர் சிரித்தார், இன்னொருவர் இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டார். இவர் கேட்டது ஒன்றுதான்: “எத்தனை மணிக்கு வருது?” இரண்டு, இரண்டரை என்றேன். சரி என்று போனவர், இரவு 11 மணிக்கு மடக்கு நாற்காலியோடு வந்து நின்றார். விளக்கை அணைத்துவிட்டு எங்களோடு இருட்டில் காத்திருந்தார்.

சத்தம் வந்தது. சுவரில் கையை வைத்துப் பார்த்தார், மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தார். எல்லோரும் தூங்கும் நேரத்தில் குழாயில் அழுத்தம் கூடுகிறது. தொட்டி நிறையும்போது மிதவை வால்வு ஒரே சீராக மூடாமல் துள்ளுகிறது. ஓடிவரும் தண்ணீர் சட்டென்று தடைபட்டதும் அந்த அதிர்வு குழாய் வழியே திரும்புகிறது. கிளாம்ப் கழன்ற குழாய் சுவரில் மோதுகிறது. ‘வாட்டர் ஹேமர்’ என்றார்.

உடனே சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை. மகளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், “குழாயை முழுசாத் திற பாப்பா. இப்ப டக்குனு மூடு” என்றார். டொம். அதே சத்தம்! அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி திறந்து மூடினாள். ஏழெட்டு முறை. மெதுவாக மூடினால் சத்தம் வராது என்பதை அவளே கண்டுபிடித்தாள். “போதுமா, நிறுத்திடட்டுமா?” என்று அவளிடம் கேட்ட பிறகுதான் அண்ணன் பையைத் திறந்தார். எத்தனை நாள் நான் சமாதானம் சொல்லியும் போகாத பயம் அந்தப் பத்து நிமிடத்தில் போனது.

எங்கள் விளக்கு அணையும்வரை தன் வாசல் விளக்கை அணைக்காத எதிர்வீட்டு அக்காவுக்கும், முதலில் ஹீட்டரைப் பார் என்று விடாமல் சொன்ன தோழிக்கும் நன்றி. வில்மர் என்ற கண் மருத்துவர் 1921-இல் பதிவுசெய்த ஒரு வீட்டில், காலடிச் சத்தத்துக்கும் தென்பட்ட உருவங்களுக்கும் காரணம், வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி அதிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு என்ற மணமில்லாத நச்சு வாயு. எங்கள் வீட்டில் அது இல்லை. இருந்தாலும் அந்த வாயு கசிந்தால் ஒலிக்கும் என்று தோழி வாங்கித் தந்த அலாரத்தைக் கழற்ற மாட்டேன்.

அப்புறம், முன்பு இங்கே குடியிருந்தவரின் மகனுக்கு. அந்த அறையில் நீண்ட நாள் நோயில் கிடந்து, உங்கள் கையைப் பிடித்தபடி போனவர் உங்கள் அம்மா. அவரைத்தான் எல்லோரும் பேய் என்றோம். நானும் சொன்னேன். மன்னித்துவிடுங்கள். அந்தச் சொல் இனி இந்த வீட்டில் ஒலிக்காது.

உங்களில் யார் வீட்டிலாவது இரவில் சத்தம் கேட்டால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். நாற்காலியோடு வருகிறேன்.