மாணிக்கத்துக்கு: செலினியம் சோர்ஸ் எடுப்பதற்கு முன்னால்

திருச்சி
புதன் இரவு

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாமல் இருந்தது தப்புதான். நீ இரண்டு வருஷம் வாய் திறக்காமல் இருந்ததை நான் மனசில் வைக்கவில்லை, நீயும் இதை வைக்காதே. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் தேவலை. சங்கரன் ரிட்டயர் ஆகிவிட்டான். அந்தப் பூனைக் கதையை இப்போது பேரனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். பாவம் அந்தக் குழந்தை.

விஷயத்துக்கு வருகிறேன். வெல்டுகளைக் கதிரால் படம் எடுக்கிற உன் வேலைக்கான கதிரியக்க சோர்ஸ் பற்றி நீ எழுதியதில் ஒரு வரி என்னை விடமாட்டேன் என்கிறது. "இரிடியத்தை விட்டுட்டு செலினியம் எடுக்கப்போறோம். சாஃப்ட் சோர்ஸ், பசங்களுக்கும் பயம் இல்லை." முதல் வாக்கியம் சரி, அதை நீ என்றைக்கோ செய்திருக்க வேண்டும். இரண்டாவதை அடித்துத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

முதலில், சரியானதைச் சொல்லிவிடுகிறேன். 44.5 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. சுவரும் உள்ள பாய்லர் டியூப். இரண்டு சுவரையும் கடந்து படம் எடுக்கும்போது கதிர் ஊடுருவுவது 10 மி.மீ. ஸ்டீல். இரிடியம்-192-ன் கதிர்களில் 316, 468 கி.எ.வோ. (கிலோ எலக்ட்ரான் வோல்ட், கதிரின் ஆற்றல்) பெரும்பங்கு, 600-ஐத் தாண்டியும் இருக்கிறது. அந்த ஆற்றலுக்கு 10 மி.மீ. ஸ்டீல் ஒரு திரைச்சீலை மாதிரி. பிலிம் கறுக்கும், ஆனால் கான்ட்ராஸ்ட் வராது. படத்தின் தரம் பார்க்க வைக்கிற மெல்லிய வயர் தெரியாது. வேர் பக்கத்துச் சின்ன லாக் ஆஃப் ஃப்யூஷன் (வெல்டு ஒட்டாத இடம்) கண்ணில் படாமல் போகும். செலினியம்-75-ல் பெரிய கோடுகள் 136-ம் 265-ம். அதோடு 121, 280, கடைசியாக 401. இந்தத் தடிமனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. வெல்டுகளைப் படம் எடுப்பதற்கான தரநிலை ஐஎஸ்ஓ 17636-ல் ஸ்டீலுக்கு செலினியத்தின் எல்லை ஏ வகுப்பில் 10 முதல் 40 மி.மீ., பி வகுப்பில் 14 முதல் 40. இரிடியம் இரண்டிலும் 20-ல்தான் ஆரம்பிக்கிறது. உன் டியூப் ஏ வகுப்பின் வாசற்படியில் நிற்கிறது. இன்னும் கறாரான பி வகுப்பு கேட்டால் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள். டியூப்களுக்கு நடுவே எக்ஸ்ரே டியூப் நுழைகிற இடமாக இருந்தால் எக்ஸ்ரேதான் இன்றைக்கும் மேல். நுழையாத இடத்துக்குத்தான் செலினியம். டியூப்கள் வந்து சேரும் தடித்த குழாயான ஹெட்டரில் 60 மி.மீ. சுவருக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகாதே, அங்கே இரிடியமே இருக்கட்டும்.

சோர்ஸின் அளவைப் பார்க்காமல் ஆர்டர் போடாதே. இரிடியத்தின் அடர்த்தி 22-க்கு மேல், செலினியத்துக்கு 5 கூட இல்லை. அதனால் அதே கியூரிக்கு (அதே கதிரியக்க அளவுக்கு) செலினியம் பெரிய இடம் பிடிக்கும். உன் டியூப்பில் சோர்ஸ் பக்கத்து வெல்டிலிருந்து பிலிம் வரை 47 மி.மீ. என்று வை. ஜியாமெட்ரிக் அன்ஷார்ப்னஸ், அதாவது படத்தின் விளிம்பு மங்கல், 0.51 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 3 மி.மீ. கோள வடிவ சோர்ஸ் என்றால் 3 × 47 ÷ 0.51, அதாவது வெல்டுக்கு மேலே 280 மி.மீ. தூரம் போதும். அதுவே 3 × 3 உருளை என்றால் பக்கவாட்டில் அதன் மூலைவிட்டம் 4.2, தூரம் 390 ஆகிவிடும். பிலிமிலிருந்து கணக்குப் பார்த்தால் எக்ஸ்போஷர் நேரம் ஏறக்குறைய 1.8 மடங்கு. ஒரு இரவில் நூறு ஜாயின்ட் எடுக்கிற சைட்டில் இது சின்ன வித்தியாசமா? கேட்லாக்கில் "3 மி.மீ." என்று போட்டிருப்பது கோளமா உருளையா என்று கேட்டு எழுதி வாங்கு.

இப்போது அந்த 'சாஃப்ட்' விவகாரம்.

கியூரிக்குக் கியூரி பார்த்தால் செலினியத்தின் வெளியீடு குறைவு, உண்மை. 1 கியூரியிலிருந்து 1 மீட்டரில் மணிக்கு சுமார் 2 மில்லிசீவெர்ட், இரிடியத்துக்கு 4.8. ஆனால் அதனாலேயே நீ 40 கியூரி இரிடியத்துக்குப் பதில் 80 கியூரி செலினியம் வாங்குகிறாய். பெருக்கிப் பார். செலினியம் 1 மீட்டரில் மணிக்கு 160 மில்லிசீவெர்ட், இரிடியம் 190. இதில் எது சாஃப்ட்? 1 மீட்டரில் ஏழரை நிமிஷம் நின்றால் வேலை செய்கிறவனுக்கு ஒரு வருஷத்துக்கு அனுமதித்த 20 மில்லிசீவெர்ட் தீர்ந்துவிடும். விரல் நுனியிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் 10 நொடி வைத்திருந்தால் 4 கிரேக்கு மேல், தோல் சிவந்துபோகிற அளவு. பெருவில் யானாங்கோ நீர்மின் நிலையத்தில் 1999 பிப்ரவரியில் ஒரு வெல்டர் கீழே கிடந்த சோர்ஸை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், காலையே இழந்தார். அது 37 கியூரி இரிடியம். வெளியீட்டுக் கணக்கில் அதற்கும் உன் 80 கியூரி செலினியத்துக்கும் பெரிய தூரம் இல்லை, மாணிக்கம்.

தங்கராசு பசங்களிடம், "ஆஸ்பத்திரியில் இதையே விழுங்கக் கொடுக்கிறாங்க" என்று சொல்லித் தைரியம் ஊட்டுகிறான் என்று எழுதியிருந்தாய். அவன் சொல்வது பொய்யில்லை, அதனால்தான் ஆபத்து. ஐரோப்பாவில் பித்த உப்பு குடலில் சரியாக உறிஞ்சப்படுகிறதா என்று பார்க்க செலினியம்-75 ஏற்றிய ஒரு காப்ஸ்யூல் கொடுக்கிறார்கள். முதல் நாள் ஒருமுறை அளந்து, ஏழாம் நாள் மறுபடி அளக்கிறார்கள். உடம்பில் 15 சதவீதத்துக்குக் கீழே நின்றால் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காப்ஸ்யூலில் இருப்பது 370 கிலோபெக்கரல். உன் சோர்ஸ் அதைப்போல 80 லட்சம் மடங்கு. இந்த ஒரு எண்ணை டோசிமீட்டர் அலமாரியின் கதவில் ஒட்டி வை. தங்கராசுவே எழுதி ஒட்டட்டும்.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. கதிரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற கவசமான கொலிமேட்டர். செலினியத்துக்குக் காரீயத்தில் பாதியாகும் தடிமன் சுமார் 1 மி.மீ., டங்ஸ்டனில் அதைவிடக் குறைவு; இரிடியத்துக்குக் காரீயத்தில் 4.8. அதனால் செலினியத்தில் டங்ஸ்டன் கொலிமேட்டர் அற்புதமாக வேலை செய்யும், கயிறு கட்டுகிற எல்லை நன்றாகச் சுருங்கும். பக்கத்தில் மற்றவர்கள் வேலையை நிறுத்தாமலே படம் எடுக்கலாம் என்று எல்லோரும் மயங்குவது இதைப் பார்த்துத்தான். ஆனால் சோர்ஸ் கொலிமேட்டருக்குள்ளேயே சிக்கிக்கொண்டால்? சோர்ஸை இழுக்கிற கிராங்க் முழுதாகச் சுற்றிவிட்டது, ஆனால் சோர்ஸைக் கேபிளோடு இணைக்கிற பிக்டெயில் கழன்றுவிட்டது என்று வை. பின்பக்கமாக வருகிறவன் மீட்டரில் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரிடியம் என்றால் தூரத்திலேயே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். செலினியம் சத்தம் போடாது. அவன் முன்பக்கம் சுற்றி வந்து பிலிமைக் கழற்றக் கை நீட்டுகிற இடம்தான் பீம்.

அதனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் இதைச் செய்யச் சொல். சோர்ஸ் வெளியே போவதற்கு முன் கேமரா (சோர்ஸை வைக்கும் கவசப் பெட்டி) மேல் மீட்டர் என்ன காட்டியது என்று எழுத வேண்டும். இழுத்து முடித்ததும் கேமரா மேல் அதே எண் திரும்பி வர வேண்டும். குறைந்திருந்தால் சோர்ஸ் உள்ளே இல்லை என்று அர்த்தம். அந்த 'குறைவு' நல்ல செய்தி இல்லை. பிறகு கைடு டியூப் நெடுக மீட்டரைக் கொண்டுபோய், கடைசியில் கொலிமேட்டரின் வாய்ப் பக்கத்தையும் கையை நீட்டித் தள்ளி நின்று பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் பூட்டு, அதற்கப்புறம்தான் பிலிம்.

காரீயத் தகடு கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. 1 மி.மீ.க்குப் பாதி என்றால் 6 மி.மீ.க்கு 64-ல் ஒரு பங்கு என்று பசங்க கணக்குப் போடுவார்கள். முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் 121-ம் 136-ம் செத்துவிடும். பிறகு மிஞ்சுவது 265-ம் 280-ம், கடைசியில் 401. அந்த 401-க்குப் பாதியாக 2.6 மி.மீ. காரீயம் வேண்டும். ஆகவே தடிமன் ஏற ஏறக் கணக்குக்கும் நிஜத்துக்கும் இடைவெளி கூடும். தகடு வைத்த பிறகு அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அளக்கிற மீட்டரையும் பார். அது சீசியம்-137-ன் 662-ல் காலிபரேட் ஆனது. எனர்ஜி காம்பன்சேஷன் இல்லாத ஜிஎம் மீட்டர், செலினியத்தின் மெல்லிய கதிரை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். நேரடியாக ஆபத்தில்லை, ஆனால் "இந்த மீட்டர் சும்மா ஏத்திக் காட்டுது" என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் யாரும் அதை நம்ப மாட்டார்கள். காம்பன்சேஷன் உள்ளதாக இரண்டாவது வாங்கு. உடம்பில் பட்ட கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜை மேல் சட்டைப் பாக்கெட்டில் பேனாவுக்குப் பின்னால் சொருகுவதை நிறுத்தச் சொல். உள்ளே இருக்கிற மூன்று டிஸ்க்குகளில் விழும் அளவின் விகிதத்தை வைத்துத்தான் கதிரின் ஆற்றலுக்குத் தக்கபடி திருத்துகிறார்கள். பேனா கிளிப் குறுக்கே வந்தால் அந்த விகிதமே கெட்டுப்போகும்.

காப்ஸ்யூல் பற்றியும் கேட்டிருந்தாய். இரிடியம் 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும். தனிச் செலினியம் 221 டிகிரியில் உருகி, 685-ல் ஆவியாகும், உலோகங்களை அரிக்கவும் செய்யும். சோர்ஸைச் சோதிக்கிற ஸ்பெஷல் ஃபார்ம் விதியில் 800 டிகிரியில் பத்து நிமிஷம் வைக்கிறார்கள். அங்கே உள்ளே இருப்பது ஆவி. வெல்டு தாங்கினால்தான் பாஸ். இந்தத் தொல்லைக்காகத்தான் உலோகத்தோடு சேர்த்து செலினைடாக்கி அடைக்கும் வழி வந்தது. எது என்று சப்ளையரிடம் கேள். தீப்பிடித்த வண்டியிலிருந்து வந்த கேமராவைத் துடைத்துப் பார்க்காமல் ஒருபோதும் திறக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை துடைப்புச் சோதனை. 200 பெக்கரல் தாண்டினால் கசிவு. ஆனால் ஒன்று: கேமராவின் கவசம் யுரேனியம் என்றால், உள்குழாய் தேய்ந்தாலும் துடைத்த பஞ்சில் கதிரியக்கம் வரும். ஒரு சோடியம் அயோடைடு டிடெக்டரில் 136-ம் 265-ம் தெரிகிறதா என்று பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

ஆறுதலுக்கு ஒன்று. அரை ஆயுள் 120 நாள். 80 கியூரி ஒரு வருஷம் கழித்தும் 9.7 இருக்கும்; 40 கியூரி இரிடியம் 1.3-க்கு இறங்கியிருக்கும். அந்த 80 கியூரியும் மொத்தம் ஐந்தரை மில்லிகிராம் செலினியம்-75-தான், மீதி மாறாமல் நின்ற 74. விலையைக் கேட்டு நீ தலையில் கை வைத்ததற்குக் காரணமும் அந்த 74-தான். இயற்கைச் செலினியத்தில் அது 0.9 சதவீதம்கூட இல்லை. ஹெக்சாஃப்ளூரைடு வாயுவாக்கி சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிச் சுற்றிப் பிரித்து, அப்புறம் ரியாக்டரில் மாதக்கணக்கில் வைத்து எடுக்கிறார்கள்.

பாப்பாவின் கேள்விக்கும் பதில் சொல்லிவிடு. நெல் மாதிரியில் ஐசிபி-எம்எஸ் (அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) வைத்து செலினியம் பார்க்கிறாள், நிறை எண் 80-ல் மலை மாதிரி வருகிறது என்றாயே, அது செலினியம் இல்லை. ஆர்கான் 40-ம் 40-ம் ஒட்டிக்கொண்ட ஜோடி. செலினியத்தில் பாதி 80-தான், ஆனால் ஆர்கான் அதை மறைத்துவிடும். 78-லும் 76-லும் அதே தொல்லை குறைவாக இருக்கும். 77-க்கு ஓடினால், ஹைட்ரோகுளோரிக் அமிலம் போட்டிருந்தால் ஆர்கான் குளோரைடு நிற்கும். 82-ல் புரோமினும் கிரிப்டானும். கருவியின் செல்லில் ஹைட்ரஜன் விட்டு 78-ஐ அளக்கச் சொல். நைட்ரிக் மட்டும், மூடிய மைக்ரோவேவ் பாத்திரத்தில். திறந்து கொதிக்கவைத்தால் செலினியம் ஆவியாகப் போய்விடும். கையில் செறிவூட்டிய 77 இருந்தால் கரைப்பதற்கு முன்பே அளந்து சேர்த்துவிடட்டும். இரண்டும் நன்றாகக் கலந்துவிட்டால் அதன்பின் கொஞ்சம் தொலைந்தாலும் விகிதம் மாறாது.

அந்த 82-ஐப் பற்றி எழுதாமல் முடிக்க மனசு வரவில்லை. அது உண்மையில் நிலையானது இல்லை, தெரியுமா? ஒரே நேரத்தில் இரண்டு பீட்டா விட்டு கிரிப்டான்-82 ஆகிறது. அரை ஆயுள் கிட்டத்தட்ட 10-ன் 20-ஆம் அடுக்கு வருஷம். ஒரு கிராம் இயற்கைச் செலினியத்தில் வருஷத்துக்குச் சுமார் ஐந்து அணு. அந்த ஐந்தைப் பிடித்தார்கள்: 1987-ல் கலிஃபோர்னியாவில் அர்வைன் பல்கலைக்கழகத்தில், இந்தச் சிதைவை ஆய்வகத்தில் நேரடியாக முதலில் பார்த்தது செலினியம்-82-லதான். இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியில் ஜிங்க் செலினைடு படிகங்களை வைத்து, நியூட்ரினோ இல்லாத சிதைவு ஒன்று நடக்கிறதா என்றும் தேடினார்கள். பாப்பா இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

சோர்ஸ் சான்றிதழ் வந்ததும் எனக்கு மூன்று விவரம் அனுப்பு: சோர்ஸின் வடிவமும் அளவும், தனிச் செலினியமா செலினைடா, உன் கேமராவுக்கு செலினியத்துக்கு அனுமதித்த அதிகபட்சக் கியூரி. அது வரும் வரைக்கும் தங்கராசுவிடம் கிராங்க்கைக் கொடுக்காதே.

லட்சுமிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

உன்,
கோபால்