எடை மெஷின் காட்டாத பலவீனம்

ஆசிரியருக்கு,

நான் பார்த்த முதியோர் மருத்துவ முகாம்களில் எல்லாம் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள். சரி, தேவைதான். தசை வலிமையை மட்டும் சோதிப்பதில்லை.

வயதாக ஆக, எடை மாறாமல் இருக்கும்போதே தசை கரைந்து கொழுப்பு கூடிவிடும். "பாட்டி நல்லா பூசினாப்புலதானே இருக்காங்க" என்று வீட்டில் விட்டுவிடுவோம். அந்தப் பாட்டி ஏற்காடு பேருந்தில் ஏறுவதைப் பாருங்கள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்தும் முதல் படியிலேயே முழங்கால் நடுங்குகிறது. பின்னால் நிற்பவர் தாங்கினால்தான் ஏற முடிகிறது. நடமாட்டத்துக்குத் தசையின் அளவைவிட வலிமையே முக்கியம்.

இதைக் கண்டறியப் பெரிய கருவி வேண்டாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரச் சொன்னால் போதும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்கிறது முதுமையில் வரும் தசை இழப்பு பற்றிய ஆசிய நிபுணர் குழுவின் 2019 வழிகாட்டுதல். சிறு கருவியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி அளக்கும் கைப்பிடி வலிமை ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே போகக் கூடாது.

அப்புறம், சாப்பாடு. பெரியவர்களுக்கு ரசம் சோறு போதும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பருப்பு, முட்டை, கொள்ளு எல்லாம் அவர்களுக்குத்தான் அதிகம் வேண்டும், கூடவே கால்களுக்குப் பயிற்சியும்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்தே இந்த நாற்காலிச் சோதனையை அதில் சேர்க்க மாவட்டச் சுகாதாரத் துறை முன்வர வேண்டும்.

– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்