டிசம்பரில் மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் பத்து ஃபெரிங்கிக்கு வரப்போகும் சொந்தங்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே,

டொரொண்டோ, லண்டன், ஓஸ்லோ என்று எங்கிருந்தெல்லாமோ ஜூலை மாதமே வாட்ஸ்அப்பில் விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். "இந்த விண்டருக்கு வீடு இருக்கா? கடல் தெரியுமா?" வீடு இருக்கிறது, கடலும் தெரியும். மகள் வேலை கிடைத்துக் கோலாலம்பூருக்குப் போன பிறகு, பதினோராவது மாடியில் இருக்கும் அவளுடைய வீட்டை நாலு வருடமாக உங்களைப் போன்றவர்களுக்குத்தான் மூன்று மாத வாடகைக்கு விட்டுவருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி விரல் வலிக்கிறது. அதனால் எல்லோருக்குமாக இந்த மடல்.

முதலில் என் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். போன குளிர்காலத்துக்கு வந்த ஒரு தம்பதியிடம் ஒப்பந்தத் தாளை நீட்டினேன். அந்த ஐயா சிரித்துக்கொண்டே, "நாங்கள் எல்லாம் தமிழ் ஆக்கள்தானே தம்பி, உதுக்கு ஏன் எழுத்து?" என்றார். எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

ஜனவரியில் அவர்களைப் பார்க்க உறவுக்காரர்கள் வந்தார்கள். இரண்டு அறை வீட்டில் ஒன்பது பேர் படுத்தார்கள். கீழே ஜாகா (காவலாளி) கேட்டதற்கு 'வீட்டுக்காரரிடம் சொல்லியாச்சு' என்று பதில். எனக்கு யாரும் சொல்லவில்லை. அடுக்குமாடி நிர்வாகத்திடமிருந்து அபராதக் கடிதம் வந்தபோதுதான் தெரியும். ஏர்கோன் (ஏசி) இரவு பகலாக ஓடியிருக்கிறது. கரண்டு பில்லைப் பார்த்து என் மனைவி இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவர்கள் கிளம்பிய மறுநாள் குளியலறையில் தண்ணீர் இறங்கவில்லை. ஆள் வந்து தரைத் துளைக்குள் கையை விட்டு எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். கடல் மணல், தலைமுடி, நடுவே ஒரு குழந்தையின் பிளாஸ்டிக் மண்வெட்டி. வாளி நிறைந்துவிட்டது. மூன்று மாதமும் கால் கழுவாமல் மேலே ஏறியிருக்கிறார்கள்!

பணம் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அவ்வளவுதான்.

இனி எழுத்து இல்லாமல் சாவி இல்லை. இரண்டு மாத வாடகை முன்பணம், கரண்டு, தண்ணீருக்கு அரை மாதம். இந்த ஊரில் எல்லோரும் கேட்பதுதான். எத்தனை பேர் தங்குவார்கள் என்று பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கொண்டோ (அடுக்குமாடி) நிர்வாகங்கள் இப்போது முன்னைப் போல இல்லை. குறுகிய கால வாடகையைத் தடுக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2023க்குப் பிறகு பினாங்குத் தீவில் கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது. மூன்று மாதம் ஒரே குடும்பம் இருந்தால் அக்கம்பக்கம் முகம் சுளிக்காது. வாரம் ஒரு கும்பல் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தால் சுளிக்கும், நியாயமாகத்தான்.

சரி, இனி நீங்கள் கேட்கிற கேள்விகளுக்கு வருகிறேன்.

விசா. கனடா, பிரிட்டன், நார்வே கடவுச்சீட்டு என்றால் 90 நாள் தருவார்கள். மலேசியா வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பிவிடுங்கள். டிசம்பர் 1 அன்று வந்து இறங்கினால் 90ஆவது நாள் பிப்ரவரி 28. 'மூன்று மாதம்தானே, மார்ச் 1 கிளம்பலாம்' என்று டிக்கெட் எடுத்தவர் ஒருவர் உண்டு. எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹட்யாய்க்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பினால் இன்னொரு 90 நாள் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். முத்திரை குத்துவது குடிநுழைவு அதிகாரியின் விருப்பம்.

வானிலை. டிசம்பரில் கிளந்தான், திரங்கானு வெள்ளப் படங்களை டிவியில் பார்த்துவிட்டுப் பதறிப்போய் எனக்கு அழைக்கிறீர்கள். அது கிழக்குக் கரை. வடகிழக்குப் பருவமழையை நடுவில் இருக்கும் மலைத்தொடர் தடுத்துவிடுவதால் எங்களுக்கு ஜனவரியும் பிப்ரவரியும்தான் மழை குறைந்த மாதங்கள். பகலில் 31, 32 டிகிரி, இரவில் 24. முதல் வாரம் எல்லோரும் 'வெக்கை தாங்கேலாது' என்பீர்கள். சன்னலைத் திறங்கள். கடல் காற்று இலவசம், ஏர்கோன் இலவசம் இல்லை.

கடலைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். விளம்பரப் படத்தில் இருக்கும் நீலம் இங்கே இல்லை. தண்ணீர் கலங்கல். ஜெல்லிமீன் உண்டு, அதிலும் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கெராச்சுட் கடற்கரையில் இறங்கவே வேண்டாம். ஆமைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். 'குளம் மாதிரி அமைதியாக இருக்கிறதே' என்று சொன்ன ஒரு அக்காவுக்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை மதியம், இந்தக் குளம்தான் சுனாமியாக எழுந்து வந்தது. மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில். விடுமுறைக்குக் கடற்கரையில் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்த குடும்பங்கள். நான் அன்றைக்குக் கல்யாண வீடு ஒன்றில் இருந்தேன், அதனால் இதை எழுதுகிறேன்.

அப்புறம், மூன்று மாதமும் பால்கனியிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். இது எனக்கு ஆதாயம் இல்லாத விஷயம், இருந்தாலும் சொல்ல ஆசை. வாசலில் 101ஆம் நம்பர் பஸ் நிற்கும். ஒரு பக்கம் போனால் தெலுக் பஹாங், மறுபக்கம் ஜார்ஜ் டவுனின் கொம்தார் கோபுரம், ஜெட்டி (படகுத்துறை). வளைவு வளைவான சாலை, வயிற்றைப் பிரட்டும், இடது பக்கம் கடல் வருகிற மாதிரி உட்கார்ந்துகொள்ளுங்கள் (டவுனுக்குப் போகும்போது). குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பினாங்கு ஸ்ட்ரீட்டில் வெற்றிலையிலிருந்து வேட்டி வரை எல்லாம் கிடைக்கும். உங்கள் யாழ்ப்பாணத்து ஒடியல் மாவுக்கு (பனங்கிழங்கு மாவு) மட்டும் உத்தரவாதம் இல்லை.

உங்கள் மூன்று மாதத்துக்குள் தைப்பூசம் வரும். அதற்கு முந்தின நாள் விடியலில் செட்டியார்களின் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட்டிலிருந்து கிளம்பி, முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்கு வந்து சேரப் பொழுது முழுவதும் ஆகும். 2017 முதல் தங்க ரதமும் உண்டு. வழியெல்லாம் சிதறு தேங்காய், சீனர்கள்தான் மலை மலையாகக் குவித்து உடைப்பார்கள். ஓடு காலைக் கிழிக்கும், தடித்த செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். மலைக்கோயிலுக்குப் படி 513. முழங்கால் வலிக்காரர்கள் அடிவாரத் தண்ணீர்ப் பந்தலில் உட்காரலாம். மோர் வரும், சோறு வரும், 'எந்த ஊர்' என்ற விசாரணையும் வரும். போன முறை வந்தவர்கள் அன்றைக்கு என்னை அழைத்து, 'பஸ் ஏன் வரேல்லை?' என்று கேட்டார்கள். சாலையை மூடியிருக்கிறார்கள் ஐயா, உங்கள் முருகனுக்காகத்தான்.

ஃபெரிங்கி என்பது வேறொன்றுமில்லை, நம்முடைய பறங்கி. பத்து என்றால் மலாயில் கல். பறங்கிக் கல். பேரிலேயே வெளிநாட்டுக்காரன் இருக்கிற ஊர் இது. உங்களை யாரும் அந்நியமாகப் பார்க்க மாட்டார்கள். எங்கள் மாடியில் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி போன வருடம் வந்தவர்களுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். சீனப் புத்தாண்டுப் பெருநாள் அது. அவர்கள் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்களாம். பாட்டி என்னிடம் குறை சொல்லவில்லை, 'அவர்களுக்கு உடம்பு சரியில்லையா?' என்றுதான் கேட்டார்.

இந்த முறை வருகிறவர்கள் ஒரு பிஸ்கட் டின்னாவது கொண்டுவந்து அவரிடம் கொடுங்கள். ஒப்பந்தத் தாள் மேசை மேல் இருக்கும், பேனாவும் பக்கத்திலேயே இருக்கும். கால் கழுவும் குழாய் கீழே, கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில். பச்சை ரப்பர் ஹோஸ் மாட்டியிருக்கும், திருகு கொஞ்சம் இறுக்கம், இடது பக்கமாகத் திருப்புங்கள்.

இப்படிக்கு,
பதினோராவது மாடி வீட்டுக்காரன்
பத்து ஃபெரிங்கி, பினாங்கு